இறங்காத கோடு

12 ஜூன் 1976
காய்ச்சல் விட்டுவிட்டது. சென்னைக்குத் திரும்ப இன்னும் சில நாள் ஆகும். பல்கலைக்கழகத்தில் நட்சத்திர ஒளி பதிந்த தகடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து அளந்து வந்த எண்களைப் பாயில் பரப்பி வரைபடம் போடுகிறேன். ஒரு சுருள் வடிவ நட்சத்திர மண்டலத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை நட்சத்திரங்கள் என்ன வேகத்தில் சுற்றுகின்றன? இதுதான் என் ஆராய்ச்சி.

13 ஜூன்
கோடு இறங்கவில்லை.
வெளிச்சம் நடுவில் குவிந்திருக்கிறது. நிறையும் அங்கேதான் இருக்க வேண்டும். சூரியனைவிட்டுத் தள்ளியிருக்கும் கிரகங்கள் மெதுவாகத்தானே போகின்றன? இங்கே ஓரத்திலும் அதே வேகம். இந்த வேகத்துக்கு எல்லாம் எப்போதோ சிதறியிருக்கணும். எது பிடித்து வைத்திருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத நிறையா? இல்லை, அவ்வளவு தூரத்தில் ஈர்ப்பே வேறு மாதிரியா?
அம்மா கஞ்சியோடு வந்தாள். "என்னாமா, கோடு போட்டுக்கினே இருக்க? காய்ச்சல் தலைக்கு ஏறிக்கிச்சா?"

15 ஜூன்
தெரு நீளத்துக்குச் சாயம் போட்ட பட்டு காய்கிறது. கண்ணை மூடினாலும் சிவப்பு. அதற்குள் அந்த மண்டலம் மெல்லத் திரும்புகிறது. ஓரத்தில் நானும் ஒரு புள்ளியாக மிதக்கிறேன். விழவில்லை.

24 ஜூன்
சென்னையில் என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் கோதண்டபாணி வரைபடத்தைத் தள்ளி வைத்தார். "ஓரத்துல வெளிச்சமே இல்லம்மா. மங்கல்ல தப்பா அளந்திருக்க. அந்தப் புள்ளிங்கள எடுத்துட்டு ஆய்வேட்டை முடி."
எடுத்தால் கோடு அழகாக இறங்கும். ஆவணியில் கல்யாணம், அதற்குள் பட்டமும் உறுதி.
ஊர் திரும்பும் பஸ் முழுக்க யோசனை. ஏன் எடுக்கணும்? இருக்குதே அது. அங்கதான இருக்குது.

27 ஜூன்
நிச்சயித்த மாப்பிள்ளை வேணுகோபால் பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச வந்தார். மறுபடி முதலிலிருந்து அளக்கணும், மாசக்கணக்கா ஆகும் என்றேன். சாயம் ஏறிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"தப்புன்னு தெரிஞ்சா?"
"தப்புன்னு எழுதுவேன்."
"அப்ப தையில வெச்சிக்கலாம். எங்கம்மா கத்தும். நான் சொல்லிக்கிறேன்."

9 அக்டோபர்
அளக்கிறேன்.

28 ஜனவரி 1977
பேராசிரியரே மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து தகடுகளைப் பார்த்தார். ஓரத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக மறுபடி அளந்தார்.
"இறங்கலம்மா."
"காரணம்னு என்ன எழுதட்டும், சார்?"
"தெரியலன்னு எழுது."

5 பிப்ரவரி
வாசலில் பந்தல் போடுகிறார்கள். இடது கையில் மருதாணி. வலது கையால் ஆய்வேட்டின் கடைசி வரியை எழுதினேன்: 'காணும் வெளிச்சத்தைக் கொண்டு இந்த வேகத்தை விளக்க முடியவில்லை.'
இன்னொரு கைக்கும் வைக்க, அம்மா கிண்ணத்தோடு பக்கத்தில் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.