நெறி கட்டிய தாடை

மார்ச் 4
எலிகளுக்குப் பின்னங்காலில் நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசி போட்டாயிற்று. இனி முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணு வீங்கும். வீட்டில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அதேதான். வீக்கத்தை எவனும் ஆராய்வான். அவ்வளவு வீங்கியும் அது ஏன் கிழியவில்லை? உள்ளே வலைபோல் கைகோத்து நிற்கும் தாங்கு செல்கள் முதலில் பிடியைத் தளர்த்தி இடம் கொடுக்கின்றன, பிறகு பெருகுகின்றன. அவற்றைத்தான் நான் பார்க்க வேண்டும்.

மார்ச் 6
லேபிலிருந்து தாமதமாக வந்தேனாம். என் புருஷன் கதவைத் தாழிட்டுவிட்டு அடித்தான். கடைவாய்ப் பல் ஆடுகிறது. துப்பினால் ரத்தம். கொன்று போடலாம் போலிருந்தது — அப்புறம் ஏன் கையைக்கூடத் தூக்கல நான்?

மார்ச் 7
அம்மாவிடம் போனில் சொன்னேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போடி. ஆம்பளைக்குக் கோவம் வந்தா அப்படித்தான்." வைத்துவிட்டேன்.

மார்ச் 9
தாடைக்கடியில் எனக்கே நெறி கட்டியிருக்கிறது. தொட்டால் உயிர் போகிறது. உள்ளே என் தாங்கு செல்களும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். ஓயாமல் வீங்கிக்கொண்டே இருந்தால் அந்த வலை தழும்பேறி விறைத்துப்போகும். மேடையேறிப் படம் போட்டு விளக்கியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 11
பக்கத்து மேசை நெட்டையன், பாவம், உதவுகிறேன் என்று எலிகளிலிருந்து எடுத்த கணுக்களை வாங்கிக்கொண்டான். அவன் ஆராய்வது வெள்ளையணுக்களை; அவை சல்லடையில் இறங்கிவிடும். சல்லடையில் வைத்துத் தேய்த்தான். கீழே இறங்கிய நீரைப் பத்திரமாக எடுத்து வைத்தான். சல்லடையைக் குப்பையில் போட்டுவிட்டான். என் செல்கள் சல்லடையில் ஒட்டியிருந்த நாரில்தான் இருந்தன! நொதி ஊற்றிப் பிரிக்க வேண்டியவை. அத்தனை எலிகளும் வீணாய்ச் செத்தன.

"எப்பவும் இப்படித்தானேக்கா செய்வோம்?" என்றான்.

பளாரென்று அறைந்தேன். மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. உதட்டில் ரத்தம்.

கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "உங்க கன்னம் வீங்கினத நாங்க பாக்கலைன்னு நெனச்சீங்களா? கை நீட்டுறது உங்க வீட்டுக்காரர் பழக்கம்க்கா. உங்களுக்கு எதுக்கு?"

கழிப்பறையில் போய் அழுதேன். திருப்பி அடிக்க வேண்டியவனை விட்டுட்டு யாரை அடிச்சிருக்கேன்! சீ.

மார்ச் 12
நெட்டையனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். லேப் தலைவரிடமும் நானே போய்ச் சொன்னேன். "இன்னொரு தடவை கை நீண்டா வேலை போயிடும்" என்றார். நியாயம். வீட்டுக்குப் போகவில்லை. தங்கை வீட்டில் இருக்கிறேன்.

மார்ச் 14
புருஷன் லேப் வாசலுக்கே வந்துவிட்டான். "வாடி வீட்டுக்கு" என்று முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். நெட்டையன் ஓடி வந்து குறுக்கே விழுந்தான். வயிற்றில் உதை வாங்கினான். காவலாளிகள் பிடித்து இழுப்பதற்குள் என் புருவம் கிழிந்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள்.

அம்மா வந்து பார்த்தாள். அனுசரிக்கச் சொல்லவில்லை.

மார்ச் 17
போலீசில் புகார் கொடுக்கப் போனோம். சாட்சி நெட்டையன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான்.

"அவர் அடிச்சத அப்படியே சொல்லிடுவேன்க்கா. ஆனா... நீங்க என்னை அடிச்சதைக் கேட்டா?"

"அதையும் அப்படியே சொல்லு" என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள்.