ஈஸ்ட்டுக்கு நாம் கொடுத்த பொய்ச் சர்க்கரை

நேற்று திருச்சியில் என் கையில் ஏற்றியது நம்முடைய சர்க்கரையைத்தான். ஊசி போட வந்த பெண்ணிடம் மருந்தின் பெயரைக் கேட்டேன். "குளுக்கோஸ் மாதிரிதாங்க மேடம், ஸ்கேன்ல தெரியறதுக்கு" என்றாள். நான் விடவில்லை. அட்டையைக் காட்டினாள். ஃப்ளூரோ டீஆக்ஸி குளுக்கோஸ். பெரம்பலூர் கல்லூரியில் நாம் ஈஸ்ட்டுக்குக் கொடுத்தோமே, அதற்குத் தங்கை முறை. "ஒரு மணி நேரம் பேசாம, அசையாம இருக்கணுங்க" என்று சொல்லி ஓர் அறையில் தனியாக விட்டுவிட்டுப் போனாள். அந்த நேரம் முழுக்க உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கழுத்தில் ஒரு கட்டி. அது பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வீட்டில் யாரிடமும் இப்படி நேராகச் சொல்லவில்லை.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம். நீ செந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். படியில் தொங்குபவர்களை அதட்டி உள்ளே ஏற்றிவிட்டுத்தான் நீ ஏறுவாய். அப்படிப்பட்ட நீ மைக்ராஸ்கோப்பைக் கண்டு பயந்தாய். நாம் கொடுத்தது பார்க்க அசல் குளுக்கோஸ் போலவே இருக்கும். ஒரே ஓர் ஆக்சிஜன்தான் குறைவு. ஈஸ்ட் ஏமாந்து உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆனால் அதை வைத்துச் செல்சுவரை ஒழுங்காகக் கட்ட முடியாது. செல்லோ அது தெரியாமல் மொட்டு விட்டு வளரப் பார்க்கும். புதுச் சுவர் எழும்ப வேண்டிய இடம் மெலிந்து கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும். வளராமல் சும்மா கிடந்த செல்களுக்கு எதுவும் ஆகவில்லை.

முதல்முறை பார்த்தபோதே நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "ஏண்டி, வளரணும்னு நெனச்சதுக்கா இந்தக் கதி?" என்றாய். ஈஸ்ட்டுக்கெல்லாம் அழுவாயா என்று நான் கேலி செய்தேன். "நான் பாக்கல. நீ பாத்து சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்றாய். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் நடந்தது. வெடித்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று நான் சொல்வேன், நீ நோட்டில் எழுதுவாய். ஒரு தடவைகூட, சரியாகப் பார்த்தாயா என்று நீ கேட்டதில்லை.

அதே நம்பிக்கையோடுதான், மீன்சுருட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், ஒட்டிய கவரைப் பிரிக்காமல் அரியலூரில் என் வீட்டுக்கு வந்தாய். மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துப் பரிசோதித்த ரிப்போர்ட். "நீ பாத்து சொல்லுடி" என்று நீட்டினாய். சந்தேகத்துக்குரிய செல்கள் தெரிகின்றன, உடனே அடுத்த பரிசோதனை செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. உன் மகளுக்குக் காதுகுத்து பத்து நாளில். பத்திரிகையை என் மடியில் வைத்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். "பயப்பட ஒண்ணும் இல்ல. விசேஷம் முடியட்டும், எதுக்கும் இன்னொரு டெஸ்ட் எடுத்துடு" என்றேன். நீ முதல் வாக்கியத்தை மட்டும்தான் காதில் வாங்கிக்கொண்டாய். காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாய்.

காதுகுத்து முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் போன் செய்தபோதெல்லாம் நீ சந்தோஷமாகப் பேசினாய். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த டெஸ்ட்டுக்கு நீ போனபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. நீ கண்ணை மூடும்வரை என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

வேகமாக வளரும் செல்தான் சர்க்கரையை அதிகம் தின்னும். இந்தப் பொய்ச் சர்க்கரையைத் தின்றால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் ஒளிரும். எனக்கு இது தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரியெல்லாம் கழுத்து, அக்குள், வயிறு என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்று ரிப்போர்ட் வாங்க வீட்டுக்காரர் மட்டும் போனார். மத்தியானம் வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார். "பயப்பட ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

வார்த்தை மாறாமல், நான் உன்னிடம் சொன்னது. அதைச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. அவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். நீ கவரோடு வந்தது, நான் படித்தது, மறைத்தது, எல்லாவற்றையும். தாளை நானே வாங்கிப் படித்திருக்கலாம். எனக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் கை போகவில்லை. அன்று நீ எவ்வளவு பயந்திருப்பாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"படிங்க. ஒரு வார்த்தை விடாம படிங்க" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான்காவது வரியில் அவர் குரல் இறங்கியது.

"நிறுத்தாதீங்க" என்றேன்.