பனிக்கு அளவு சொன்ன துணி

அம்மா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்குக்கூட. முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

ஞாயிறன்று பள்ளிக் கேமராவோடு ஃபெலிசா சித்தி சமைக்கும் மலைமுகாமுக்குப் போனேன். படமெடுக்கும் முன் கேமராவைப் பனிப்பக்கம் காட்டி வெளிச்சத்தை அளந்தேன். படத்தில் பனி சாம்பலானது, சித்தி முகம் கரியானது. அவளுடைய கறுப்புப் பாவாடையைப் பார்த்து அளந்தேன். மலையே வெளுத்து மறைந்தது.

"மலையை முழுங்கிட்டியாடி வில்மா?" என்று படத்தைப் பார்த்துச் சித்தி சிரித்தாள்.

பிறகு அவள் முதுகிலிருந்த, நீ நெய்த சிவப்புத் துணியைப் பார்த்து அளந்தேன். பனியில் காற்று கீறிய கோடுகளும் அவள் சிரிப்பும் படத்தில் சேர்ந்தே விழுந்தன.

"இன்னொரு தடவை மலைக்குப் போனா ஊருக்கு பஸ் ஏத்திடுவேன்" என்கிறார் என்னை இங்கே தங்க வைத்திருக்கும் சித்தப்பா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக் கண்காட்சியில் சித்தியைப் போல மலையேறும் நம் பெண்கள் எல்லோரும் முகத்தோடு இருக்க வேண்டும். விடிந்ததும் போவேன்.

அதே துணியில் எனக்கும் ஒரு துண்டு அனுப்பு, வெளிச்சம் அளக்கத்தான். துவைக்காதே, உன் வாசனை

சித்தப்பா கதவைத் தட்டுகிறார்