ஈட்டிகளுக்கு நடுவே எடுத்த தீர்மானம்

மழை வழுவாது பெய்க. குடிகள் அஞ்சாது வாழ்க. வெண்குன்ற நாடுடையவளும், நாட்டுப் பேரவையைத் தன் வாய்மொழியால் கூட்டுவித்தவளுமாகிய பூதமாதேவி, பேரவை கூடியிருக்கும் தென்கோட்டையின் காவற்படைத் தலைவர் ஏனாதி நக்கனுக்கு விடுக்கும் ஓலை. கோட்டைக்கும் அதன் குடிகளுக்கும் நலம் உண்டாகுக. உமக்கு அவ்வாழ்த்தைச் சொல்ல என் நா எழவில்லை.

நீர் அனுப்பிய தீர்மான ஓலையும், விலங்கிட்டு அனுப்பிய ஏழு பேராளரும் நேற்று நண்பகலில் வந்து சேர்ந்தனர். பேரவை தன் விருப்பத்தாலேயே அவ்வெழுவரையும் விலக்கி எம்மிடம் ஒப்புவிப்பதாக அதில் கண்டிருந்தது. எழுவரும் நான் கருதிய கடற்போரை எதிர்த்துப் பேசியவர்கள். ஆதலால் படித்தவுடன் மகிழ்ந்தேன், அதை மறைக்கமாட்டேன்.

பின்னர் அவர்களுள் ஒருவரான உப்பளத்தார் பேராளர் கொற்றன் ஆதனை அழைத்து, பேரவை எவ்வாறு இசைந்தது என வினவினேன். அவர் உரைத்ததைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்நூறு வீரரால் மண்டபத்தைச் சூழ்ந்து, எழுவரையும் கொடுக்கும்வரை ஒருவரும் வெளியேறலாகாது என்றீராம். தாம் எவருக்கும் அடங்கியவரல்லர் எனக் காட்டுதற்கு அவைத்தலைவர் பேராளர் இருநூற்றுவரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தாராம். முற்றத்தின் நான்கு வாயில்களிலும் உம் ஈட்டிகள் நின்றன. வெயிலில் ஒரு சுற்று வந்து தலைகவிழ்ந்து உள்ளே மீண்டவர்கள், தம்மைத் தடுப்பார் எவருமில்லை என்று அவைக்குறிப்பில் எழுதுவித்தனர்! இசைவோர் எழுக என்றதும் எழுந்தனர். பேரவைக்கு ஆதனோடு ஒரே படகில் வந்திருந்த நெசவாளர் பேராளர், ஆதனின் தோளையே பிடித்து ஊன்றிக்கொண்டு எழுந்தாராம்.

அப்போது ஆதன் உம்மை நோக்கி, "ஈட்டி இல்லாத வாசல் ஒண்ணு காட்டுங்க ஐயா, நானே நடந்து வந்துடறேன்" என்றார். நீர் சிரித்தீர்.

அருவருக்கிறேன். அந்தச் சிரிப்பை, அவர்கள் எழுதுவித்த பொய்யை, இவை யாவும் என் பெயரால் நடந்ததை. யாவற்றினும் மேலாக, நேற்று நான் கொண்ட மகிழ்ச்சியை நினைக்கும்போது என் உடம்பே எனக்குக் கூசுகிறது.

விலங்கைக் களைந்து, மீண்டும் அவைக்குச் செல்வீரோ என்று ஆதனைக் கேட்டேன். "போவேன் தாயே. ஆனா அந்த நெசவுக்காரர் பக்கத்துல மட்டும் என்னை உக்கார வைக்காதீங்க" என்றார்.

ஆதலால் ஆணையிடுவதாவது: இவ்வோலை கொணரும் எழுவரிடமே உம் வாளையும் படைமுத்திரையையும் ஒப்புவித்து, பேரவையின் தீர்ப்புக்குக் காத்திரும். உம் வீரர் இவ்வோலை கிட்டிய அன்றே பொழுது சாயுமுன் கோட்டையைவிட்டு ஒரு நாள் வழித்தொலைவுக்கு அகல்க. எழுவரும் தத்தம் இருக்கையில் அமர்ந்தபின், போர் குறித்த வினா அவைமுன் மறுபடி வைக்கப்படுக.

அவர்கள் வேண்டாமென்றால் கப்பல்கள் கரையைவிட்டு அசையா. இது என் கைப்பட எழுதி, என் கையாலேயே இலச்சினை இட்டது.