பூட்டு நான் போட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை, தெரிந்துகொண்டே அப்படிக் கேட்டால் அது உன்னைக் கேலி செய்வதாக ஆகிவிடும். உன்னோடு ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் விலாசத்துக்குத்தான் இந்தப் பையை அனுப்புகிறேன், கடிதம் பைக்குள்ளேயே இருக்கிறது. வேலை இடத்திலேயே படி, படித்ததும் கிழித்துப் போடு, வீட்டுக்கு மட்டும் கொண்டு போகாதே. உன் போனை அவன் சுவரில் அடித்து உடைத்ததும், இப்போது கையில் இருப்பதைத் தினமும் வாங்கி நோண்டுவதும் தெரிந்துதான் பேசாமல் எழுதுகிறேன். இனி அவனை மாப்பிள்ளை என்று எழுத மாட்டேன். அம்மா அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள், அதைத் தபாலில் அனுப்ப முடியாது.

விரல் விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொண்டு மற்றதை எழுத முடியாது. நீங்கள் இருவரும் விடுமுறைக்கு வந்துவிட்டுக் கிளம்பிய அன்று காலையில் உன் வலதுகை நடுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. சூட்கேஸ் மூடி டக்குனு விழுந்துடுச்சு மாமா, இவ கையை எடுக்கறதுக்குள்ள, என்று அவன்தான் முந்திக்கொண்டு சொன்னான். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஆயுசு முழுக்கச் சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவனிடம் சொல்கிற பொய்யா அது. உன் பெட்டி நடுவில் ஜிப்பு வைத்து இரண்டு பாதியாகப் பிளந்து தரையில் மல்லாந்து கிடக்கிற வகை. அதன் மூடி தானாக எழுந்து விழாது. ஒருவன் அதைத் தூக்கி, உன் கை உள்ளே இருப்பது தெரிந்தே மூடி, மேலே முழங்காலை வைத்து அழுத்தினால்தான் எலும்பு வரைக்கும் போகும். எடை இரண்டு கிலோ கூடிப்போனதற்காக என்று இப்போது அந்த அக்கா சொல்லித் தெரிகிறது. இரண்டு கிலோவுக்கு ஒரு விரலா. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருப்பேன், நீ ஒரு பார்வை பார்த்தாய், வேண்டாம்ப்பா என்று சொல்லும் பார்வை, அதற்காக விட்டேன். டாக்ஸி தெருமுனை திரும்பியதும் கடைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து ஒரு பழைய பெட்டியை அடித்து நொறுக்கினேன். சக்கரம் ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். அது ஒரு வாடிக்கைக்காரருடையது என்று அப்புறம்தான் நினைவு வந்தது. அவருக்கு வேறு பெட்டி கொடுத்தேன், அவர் என்னவோ சந்தோஷமாகத்தான் வாங்கிப் போனார்.

அடுத்தது அவன் அண்ணன் கதை. உன் காதுக்கு வேறு மாதிரி வந்திருக்கும், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன வாரம் அவன் அண்ணன் கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர் உட்காரும் ஸ்டூலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். புருஷன் பொண்டாட்டின்னா நாலு அடி விழத்தான் செய்யும், பெரியவங்க நீங்க அதை ஊதிப் பெருசாக்கக் கூடாது, உங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, என்றான். அப்போது என் கையில் ஒரு பெட்டியிலிருந்து கழற்றிய இழுப்புப் பிடியின் கம்பி இருந்தது. இல்லாமல் இருந்திருந்தாலும் வேறு ஏதாவது இருந்திருக்கும். முதல் அடி தோளில், அடுத்தது முழங்காலில். அவன் பெட்டிகள் மேல் சரிந்து விழுந்தான், அடுக்கி வைத்தது எல்லாம் அவன் தலையில் இறங்கியது, மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் ஒரு டீச்சரம்மாவின் வெள்ளைப் பெட்டியில் தெறித்து, அதைக் கழுவிக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. பக்கத்துச் சாவிக்கடைக்காரர் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். என்னைப் பார்த்துக் கத்தத்தான் வாயைத் திறந்தாள். அவன் என்ன சொன்னான் என்று சாவிக்கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தூக்கு அவன் வாயில் மோதி நசுங்கிப்போனது, அன்றைக்கு நான் பட்டினி. போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள், நடுவில் அம்மா. இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியெல்லாம், அவன் பல்லு ஏதாவது விழுந்துச்சான்னு பாத்தீங்களா என்றுதான் அம்மா கேட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் பாப்பா. மறுநாள் அந்த அக்காவின் போன் வந்தது. அண்ணன் அவனுக்குச் சொல்லி, அவன் உன்னைச் சமையலறைத் தொட்டியில் மோதி, உங்கப்பன் என் அண்ணனை அடிச்சதுக்கு இது, என்று சொல்லிச் சொல்லி அடித்தானாம். காதிலிருந்து ரத்தம் வந்ததாம். நான் இங்கே ஓங்கிய கம்பி அங்கே உன் மேல் விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் அந்தக் கம்பியைக் கையால் தொடவில்லை, சாவிக்கடைக்காரரிடம் கொடுத்து நான் கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று கை துடிக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் உனக்கு இப்போது வேண்டியது என் கோபம் இல்லை. பாஸ்போர்ட் மட்டும் கையில வந்தா கிளம்பிடுவேன் என்று நீ அந்த அக்காவிடம் சொன்னாயாமே, அது ஒன்று போதும் எங்களுக்கு. வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து அவளுக்கே அனுப்பிவிட்டோம். அன்றைக்கு அவன் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவான் என்று சொன்னாள். நீ செய்ய வேண்டியதை மட்டும் இனி எழுதுகிறேன், என் தொழிலை வைத்து எனக்குத் தெரிந்தது இதுதான்.

விமானத்துக்குள் கையோடு ஏழு கிலோதான் கொண்டு போகலாம், பெட்டியை அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நிற்கிற வேலையே வேண்டாம். சக்கரமும் கம்பியும் மட்டும் இரண்டு கிலோ தின்றுவிடும், அதனால் இரண்டும் இல்லாமல் இந்தத் தோள்பையை நானே தைத்தேன். பையை அந்த அக்காவின் லாக்கரிலேயே வை. வீட்டில் உட்கார்ந்து அடுக்காதே, தினம் வேலைக்குப் போகும்போது ஒரு சட்டைக்கு உள்ளே இன்னொன்றாகப் போட்டுக்கொண்டு போ, அங்கே கழற்றிப் பையில் வை. அலமாரியில் மிச்சம் இருக்கும் துணியைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி மாட்டு, காலி இடம் கண்ணில் படக் கூடாது. ஓட்டல் விரிப்பு மடித்து மடித்து மடிப்பில் நீ கெட்டிக்காரி, தெரியும், ஆனால் இதில் மடிக்காதே, உருட்டு. காற்று போக அழுத்தி உருட்டினால் பாதி இடம்தான் பிடிக்கும், கசங்கவும் கசங்காது. கனமான உருட்டு அடியில், மெல்லியது மேலே. சாக்ஸை ஷூவுக்குள் திணி, ஆனால் இருப்பதில் கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொள், கனமான கோட்டை மேலே போட்டுக்கொள், நீ உடம்பில் போட்டிருப்பதை யாரும் தராசில் வைக்க மாட்டார்கள். கோட்டுப் பைகளில் சார்ஜரையும் மருந்தையும் போடு. சான்றிதழ்களுக்குப் பையின் முதுகுப்பக்கம் லைனிங் துணிக்குப் பின்னால் ஒரு பிளவு விட்டிருக்கிறேன், கையை விட்டால் தட்டுப்படும். எண்ணெய், ஷாம்பு என்று பாட்டில் பாட்டிலாக எடுக்காதே, வேண்டுமென்றால் சின்னக் குப்பி ஒன்று, கண்ணாடிக் கவரில் போட்டு மேலாக வை, சோதனையில் கேட்டதும் எடுத்துக் காட்ட. கத்தி, கத்தரிக்கோல், ஒன்றும் கூடாது, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ராத்திரி தலையணைக்கு அடியில் கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு தூங்குகிறாய் என்று அந்த அக்கா சொன்னதைக் கேட்டதும் அம்மா எழுந்து போய் உன் பழைய தலையணையை எடுத்து வெயிலில் போட்டாள். அதைக் கிளம்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வா, இங்கே தலையணை மட்டும் போதும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அது எழுதினீங்களா இது எழுதினீங்களா என்று பிய்த்து எடுக்கிறாள். கல்யாணப் புடவையை எடுத்துட்டு வராதேன்னு எழுதுங்க, அரை கிலோ இருக்கும், என்கிறாள். அதை வாங்க ஒரு நாள் முழுக்க என்னைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு அலைந்தவள் அவள்தான்.

இனி பாஸ்போர்ட். அலமாரி மேல் இருக்கும் அவன் பெரிய கறுப்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான் என்று சொன்னாள். அந்தப் பூட்டு நான் போட்டது. இங்கே வந்திருந்தபோது ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க மாமா என்று கேட்டான், நானும் மாப்பிள்ளை கேட்கிறாரே என்று இருப்பதிலேயே நல்ல நம்பர் பூட்டாக எடுத்து, ஜிப்பை இழுக்கிற இரண்டு ரன்னருக்கும் எஃகு வளையம் மாட்டி, இரண்டையும் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நம்பரை மாற்றினான். அதற்காக என்னைத் திட்டுகிற வேலையை அம்மா பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பூட்டை உடைக்கப் பார்க்காதே, உன்னால் ஆகாது, என்னாலும் ஆகாது. ஆனால் அன்றைக்கே ஒன்று சொன்னேன், பூட்டு பிரமாதம், ஜிப்புதான் சாதா நைலான், இரட்டைப் பல் ஜிப்பாக மாற்றித் தருகிறேன், ஒரு மணி நேரம் இருங்கள் என்று. ஜிப்பெல்லாம் எவன் பாக்கறான் மாமா, பூட்டைப் பாத்தாலே பயப்படுவான், என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனான். அந்தச் சாதா ஜிப்பு இன்னும் அப்படியேதான் இருக்கும்.

வியாழக்கிழமை அவன் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போடு. ஸ்டூல் போட்டு ஏறி, இறக்குவதற்கு முன்னால் பெட்டி தூசியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள், தூசியைத் துடைக்காதே. மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஜிப்பின் பல் வரிசை நடுவில் பேனா முனையை வைத்துக் குத்து. பிளந்துகொள்ளும். விரலை விட்டு இரண்டு பக்கமும் இழுத்தால் கை நுழைகிற அளவுக்குத் திறக்கும். எடுத்ததும், பூட்டோடு சேர்ந்த இரண்டு ரன்னரையும் பிடித்து இந்தக் கோடி வரைக்கும் ஒரு இழுப்பு, அந்தக் கோடி வரைக்கும் ஒரு இழுப்பு, ஜிப்பு மூடிக்கொள்ளும், பூட்டு பூட்டியபடியே இருக்கும். பெட்டியைத் தூசியில் தெரியும் அதே சதுரத்தில் வைத்துவிடு. அவன் அதை எப்போது திறந்து பார்க்கிறானோ அப்போது தெரிந்துகொள்ளட்டும். பாஸ்போர்ட் இருந்த இடத்தில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்க என்கிறாள் அம்மா. வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம், அதற்காக நேரத்தை வீணாக்காதே. அவனிடம் நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆத்திரம் வரும், நீ என் மகள்தானே. கேட்காதே. வாசலைத் தாண்டு, அந்த அக்கா கீழே பையோடும் காரோடும் நிற்பாள்.

உன் நடுவிரல் இன்னும் மடங்கவில்லையாமே. அதைக் கேட்டதும் என் வலதுகை நடுவிரலில் ஒரு மரச்சில்லை வைத்துக் கட்டிக்கொண்டு, அதே மாதிரி ஜிப்பு வைத்த பெட்டியில் குத்திப் பார்த்தேன். முதலில் வழுக்கியது. பேனாவின் பின்பக்கத்தை உள்ளங்கையில் வைத்து, முழங்கை நேராக, உடம்பு எடையோடு சாய்ந்து அழுத்தினால் விரலே வேண்டாம். கடையில் இருந்த எல்லாப் பெட்டியையும் குத்திப் பார்த்துவிட்டேன், ஒன்றும் தப்பவில்லை, எல்லாம் திறந்துகொண்டது. யாரை நினைத்துக்கொண்டு குத்தினேன் என்று கேட்காதே. நீயும் யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள், உள்ளே பாஸ்போர்ட் இருக்கிறது, அதை மட்டும் பார்த்துக் குத்து.

அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கட்டும், உனக்கு இனி ஒரு கீறலும் விழக் கூடாது. ஞாபகம் வைத்துக்கொள், உருட்டு, மடிக்காதே. எழுத இன்னும் இருக்கிறது, ஆனால் பெட்டிகளைக் குத்திப் பார்த்ததும் இந்தக் கடிதத்தை எழுதுவதும் ஒரே பேனாதான், வேறு எதையும் நம்பி உன்னிடம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டதும் இந்தப் பேனாவைப் பையின் தோள்வாருக்குள் வைத்துத் தைத்துவிடப் போகிறேன். பிரித்து எடுத்து, இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போ.

வாசலில் நிற்கும்,
உன் அப்பா