நீ எடுக்காத பால்குடம்

புந்தோங், ஈப்போ

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்பேன், நீயும் சுகம் என்பாய், இந்தத் தடவை அந்தப் பேச்சு வேண்டாம். போனில் கேட்டால் மழை, குளிர் என்று பேச்சை மாற்றுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு லூப்பஸ் நோயாக இருக்கலாம் என்று உன் தம்பி தர்மா வாய் தவறி உளறிய நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் வைத்ததை மறக்கிறேன், அப்பாவிடம் எரிந்து விழுகிறேன். வீடியோவில் உன் கன்னமும் மூக்கும் சிவந்திருந்தபோது கிளாஸ்கோ குளிர் என்றாய். விரல் வீங்கி மோதிரத்தைக் கழற்றியதற்கு, குண்டாகிவிட்டேன் என்றாய். தம்பியிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லையா? கோபம்தான். முதல் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று அவன் சொன்னதும் எல்லாம் முடிந்தது போல் அழுதேன். பக்கத்து வீட்டு இருதயமேரி அக்காதான் அதட்டினார். அவர் மகள் ட்ரேசிக்கு இந்த நோய் வந்து பல வருஷம், இன்றும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். அந்த ஏ.என்.ஏ. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்தா மட்டும் முடிவாயிடாது லா நவமணி, சீக்கு இல்லாதவங்களுக்கும் வரும், அடுத்த டெஸ்டும் மூத்திர டெஸ்டும் வரட்டும், கிட்னியத்தான் முக்கியமா பாக்கணும் என்றார்.

அதற்குள் பதற்றத்தில் ஒரு வேலை செய்துவிட்டேன். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் என் மகள் தைப்பூசத்துக்கு வந்து பால்குடம் எடுப்பாள் என்று குனோங் சீரோ கோயில் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். கேட்டதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இந்த நோய்க்கு வெயிலே ஆகாதாம், ட்ரேசி குடையில்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டாளாம். உன்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னையே வெயிலில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்ப் பூசாரியிடம் கேட்டேன். பெத்தவ எடுத்தா முருகன் வேணாம்னா சொல்லுவாரு, போம்மா என்றார். அதனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் இந்தத் தைப்பூசத்தில் நானே எடுத்துவிட்டேன். தார் ரோடு கொதித்தது, முட்டி இரண்டும் கெஞ்சின, அப்பா தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார்.

மாத்திரை கொடுத்தால் நீயாக நிறுத்தாதே. முடி கொட்டினால் கொட்டட்டும், முளைக்கும். மேகமாக இருந்தாலும் முகத்துக்குக் கிரீம் தடவாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

சந்நிதியில் குடத்தை இறக்கியபோது நல்ல ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்கவில்லை. எப்படி வந்தாலும் என் பிள்ளை என்னிடம் மறைக்காமல் சொல்லட்டும் என்றுதான் கேட்டேன். நீ நூறு வயது நன்றாக இரு. ரிப்போர்ட் வந்ததும் எந்நேரமானாலும் கூப்பிடு. நல்லதோ கெட்டதோ, தர்மாவுக்கு முன்னால் எனக்கு.

போனைக் கையிலேயே வைத்திருக்கும் உன் அம்மா,
நவமணி