சுண்டுவிரல் வரைக்கும் போட்ட கோடு

அன்பு மகளுக்கு,

நீ சௌக்கியம்தானே? இங்கே இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் அப்பாவுக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆபத்து தாண்டியாயிற்று. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், ஒரு வரி விடாமல் படி.

நீ அனுப்பினாயே, சக்தி ஓடும் பாதை என்று உடம்பெல்லாம் கோடு போட்ட சீன வைத்தியப் படம், அதைக் குறை சொல்லவில்லை. காலையில் பூங்காவில் சீகோங் என்கிற சீன மூச்சுப் பயிற்சிக்குப் போனார், மெதுவாக மூச்சு விட்டார், கையை அசைத்தார், நன்றாகத் தூங்கினார், சந்தோஷம். ஆனால் முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்த மனுஷன் கையில் அந்தப் படம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? இதுதான் உடம்போட வயரிங் பிளான் என்று பனியனைக் கழற்றிவிட்டு, இதயப் பாதையை இடது அக்குளிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் மார்க்கர் பேனாவால் வரைந்துகொண்டார். வியாழக்கிழமை காலையில் அந்தக் கோடு முழுக்க இழுக்கிறது என்றார், முகமெல்லாம் வியர்வை. டாக்டரிடம் போகலாம் என்றால், லைன் வந்துடுச்சுடி, இத்தனை நாளா கட்டாகிக் கெடந்தது, இப்பதான் கரண்ட் பாயுது, நீ சும்மா இரு என்று சிரிக்கிறார்! கெஞ்சினேன், திட்டினேன், காதில் போட்டுக்கொண்டால்தானே? பயிற்சி டீச்சரிடம் பெருமையடிக்கக் கிளம்பினார், நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தப் பெண் ஒரு பார்வைதான் பார்த்தாள். நான் இதையா சொல்லிக் குடுத்தேன், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க ஐயா என்று வண்டியில் ஏற்றிவிட்டாள். நான் சொன்னால் நச்சரிப்பு, அவள் சொன்னால் மட்டும் சரிங்க டீச்சர்! அங்கே டாக்டர் அந்த மார்க்கர் கோட்டைப் பார்த்து, வலி இந்த வழியாவா வந்துச்சு என்றால், ஆமா டாக்டர், பிளான்படியே என்கிறார். என் மானமே போயிற்று. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை முழுக்கக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று காலை லைன் வந்துடுச்சு என்று அவர் அனுப்பிய செய்திக்கு நீ கட்டைவிரல் பொம்மை போட்டிருக்கிறாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். படி ஏறினால் உனக்கும் இடது கை இழுக்கிறதாமே? அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா என்றாயாம், அவரும் சுண்டுவிரலை அமுக்கி விட்டுக்கோ என்று வைத்தியம் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கூட முகம் சுளிக்காதவர், நேற்று இதைச் சொல்லிவிட்டு அழுதார்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். நாளைக்கே டாக்டரைப் பார்த்து ரிப்போர்ட்டை அனுப்பு, பொம்மை அனுப்பாதே.

கோபம் ஆறாத
உன் அம்மா